எரிக்கப்பட்டவர்கள் எழுந்திருப்பார்களா?

  

1 தெசலோனிக்கேயர் 4-ம் அதிகாரம் 13 முதல் 18 வரையுள்ள வசனங்களை முதலாவது உங்கள் வேதத்தில் எடுத்து வாசித்துவிட்டு, பிறகு இதைப் படியுங்கள்.

கொஞ்ச நாளாக நம்முடைய சகோதரிகள் ஜெபக்கூட்டத்தில் ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. என் முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. ஒரு சகோதரி மட்டும் என் மனைவியிடம் அடுக்களையில் வைத்துக் கேட்டுவிட்டார்கள்: “அக்கா, அந்தப் பெரியம்மைய எரிச்சுட்டாவளே! இனி எக்காளம் தொனிக்கும்போ அவியளுக்கு எழும்புகதுக்கு சரீரம் ஏது?”

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் கடந்த ஐப்பசி மழையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். 11 வருஷத்துக்கு முன்னே ஞானஸ்நானம் பெற்றவர்கள். வீட்டில் வேறு யாரும் இரட்சிக்கப்படவில்லை. இரண்டு ஆண் மக்கள். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். அம்மையை ஒருநாளும் சபைக்குப் போகவேண்டாமென்று தடுத்ததில்லை. மழை நாளில் மூத்தவன் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து விடுவான். ஆனால் மரித்த அன்றைக்கு, “பாஸ்டர், நீங்க வந்து ஜெபம் பண்ணிக்கிடுங்க, பாட்டும் பாடுங்க. எடுக்கது மட்டும் எங்க முறைப்படிதான். நாளைக்கு நாங்க சொக்காரங்க மத்தியில இருக்கணும்லா” என்று சொல்லிவிட்டான்.

நம்முடைய வாலிபத் தம்பிமார் சிலருக்கு இரத்தம் கொதித்தது. போலீசுக்குப் போன் பண்ணவேண்டும் என்றார் ஒருவர். விசுவாசியின் சரீரம் சபைக்குச் சொந்தம் என்றார் இன்னொருவர். நான் அவர்களை மழையில் ஒரு ஓரமாய் நிறுத்திவைத்து, வாயை மூடுங்கள் என்று சொன்னேன். முற்றத்தில் எங்களுக்குப் பத்து நிமிஷம் தந்தார்கள். ஜெபித்தோம், பாடினோம். பிறகு அவர்கள் நீர்மாலை எடுத்து வந்தார்கள், குளிப்பாட்டினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். சுடுகாட்டில் மூத்தவன் குடம் உடைத்துக் கொள்ளி வைத்தான். வாய்க்கரிசிக்கு நாங்கள் கை நீட்டவில்லை. ஆனால் கடைசிவரைக்கும் நின்றோம்.

இதுதான் நடந்தது. இதில் அந்தத் தாயாருக்கு என்ன நஷ்டம் வந்தது என்பதுதான் இப்போது கேள்வி. தேவபிள்ளையே, இதைச் சாதாரணமாய் எண்ணாதே! நம் சபையில் பாதிப்பேர் முதல் தலைமுறை விசுவாசிகள். உன் தகப்பன், உன் தாய், உன் கூடப்பிறந்தவர்கள் இன்னும் வெளியே இருக்கிறார்கள். நாளைக்கு உன் வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். நீயே மரித்தால் உன்னை யார், எந்த முறையில் எடுப்பார்கள் என்பதும் உனக்குத் தெரியாது.

முதலாவது, நம்முடைய ஜில்லாவைக் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். இந்தச் சின்ன இடத்தில் மரித்தவர்களை எத்தனை விதமாய் அனுப்பிவைக்கிறார்கள்! வெள்ளாளர் வீடுகளிலும் மற்ற அநேக இந்து வீடுகளிலும் எரித்து, அஸ்தி எடுத்து, 16-ம் நாள் அடியந்திரம் நடத்துகிறார்கள். ஆடி அமாவாசையன்று கன்னியாகுமரிக் கடலில் எவ்வளவு ஜனம் தர்ப்பணத்துக்கு இறங்குகிறது! குழித்துறை ஆற்றங்கரையில் வாவுபலி என்று பொருட்காட்சியே நடக்கிறது. மகாத்மா காந்தியின் அஸ்தியில் ஒரு பங்கு 1948 பிப்ரவரி 12-ந் தேதி இந்தக் கடலில்தான் கரைக்கப்பட்டது; அந்த ஞாபகமாய் 1956-ல் எழுந்ததே நீங்கள் பார்க்கிற காந்தி மண்டபம்.

தக்கலைக்கோ தேங்காய்ப்பட்டணத்துக்கோ போனால், இஸ்லாமியச் சகோதரர் மையத்தைக் குளிப்பாட்டி, தைக்காத வெள்ளைத் துணியில், ஆணுக்கு மூன்று பெண்ணுக்கு ஐந்து என்று சுற்றி, தொழுகை வைத்து, சீக்கிரமாய் அடக்கிவிடுகிறார்கள். பணக்காரன் ஏழை எல்லாருக்கும் அதே துணிதான். (நம்மில் சிலர் அலங்காரப் பெட்டி வாங்கக் கடன்படுகிறதைப் பார்க்கும்போது எனக்கு இந்த வெள்ளைத் துணி ஞாபகம் வருவதுண்டு.) கடற்கரை ஊர்களில் கத்தோலிக்க ஜனங்கள் திருப்பலி வைத்து அடக்கம் செய்து, நவம்பர் 2-ந் தேதி கல்லறைகளெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். சி.எஸ்.ஐ. சபைகளில் ஆலயமணி அடித்து ஊருக்கு அறிவிப்பார்கள். இரட்சணிய சேனையார் ஒருவர் மரித்தால், மகிமைக்கு உயர்த்தப்பட்டார் என்று சொல்லுவார்கள். போர்ச்சேவகனுக்குப் பதவி உயர்வு கிடைத்ததுபோல. எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடிக்கும்.

இதில் எனக்கு அதிக ஆச்சரியமானது சுவாமித்தோப்பின் அய்யாவழி மக்களுடைய முறை. பெட்டியில்லாமல், நெற்றியில் நாமமிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்த நிலையில், முகம் வடக்கே பார்க்கும்படி குழியில் வைக்கிறார்கள். ஏன்? தர்ம யுகம் வரும் என்ற எதிர்பார்ப்பினாலே! அவர்கள் காத்திருக்கிறவர் வேறு, நாம் காத்திருக்கிறவர் வேறு, அதில் குழப்பமில்லை. ஆனாலும் மரித்தவனை, வரப்போகிற ஒரு நாளுக்காக உட்காரவைக்கிற ஜனம் நம் அடுத்த தெருவிலே இருக்கிறது. சாவோடு எல்லாம் முடிந்துபோயிற்று என்று அவர்களும் நினைக்கவில்லை. அவர்களிடம் உயிர்த்தெழுதலைப் பேச உனக்கு வேறு முன்னுரை வேண்டுமோ?

இன்னும் தூரத்துக்குப் போனால் தலை சுற்றும். மும்பை மலபார் ஹில்லில் பார்சி ஜனங்கள் மண்ணையும் நெருப்பையும் தீட்டுப்படுத்தக்கூடாது என்று சரீரத்தை வட்டக் கோபுரத்தில் கழுகுகளுக்கு விடுவார்கள். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்கிற வலி மருந்தினால் கழுகுகள் கூட்டங்கூட்டமாய்ச் செத்தன. கால்நடைக்கு அந்த மருந்து 2006-ல் தடைசெய்யப்பட்டும் கழுகுகள் பழையபடி பெருகவில்லை. ஆகவே அவர்களிலும் சிலர் இப்போது மின்மயானத்துக்குப் போகிறார்கள். கழுகு இல்லாமல் போனதால் ஒரு ஜனத்தின் முறையே அசைந்துபோயிற்று! ஜப்பானில் ஏறக்குறைய எல்லாரையும் எரிக்கிறார்கள். எரிந்தபின் குடும்பத்தார் நின்று குச்சிகளால் எலும்பை எடுத்துக் குடத்தில் சேர்க்கிறார்கள். இந்தோனேசியாவில் சுலாவெசித் தீவில் தொராஜா என்ற ஜனம்; பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அவர்கள் மரித்தவரை மாதக்கணக்கில், சிலசமயம் வருஷக்கணக்கில் வீட்டிலே வைத்து, வியாதியாயிருக்கிறார் என்று சொல்லிச் சாப்பாடும் வைக்கிறார்கள். பிறகு எருமைகளை வெட்டிப் பெரிய அடக்கம். அதைக் கேட்டு நாம் சிரிக்கலாம். நம் ஊரில் வளைகுடாவிலிருந்து மகன் வருவதற்காக மூன்று நாள் ஐஸ் பெட்டியில் வைத்து, வாசலில் ஆளுயரப் பிளெக்ஸ் கட்டி, அடக்கத்தை வீடியோவில் நேரலையாக அனுப்புகிறோமே, அதைக் கேட்டால் தொராஜாக்காரன் சிரிக்கமாட்டானா?

இப்போது வேதத்துக்கு வருவோம். பரிசுத்தவான்களெல்லாரும் ஒரே விதமாய் அடக்கம்பண்ணப்பட்டார்களா? இல்லை! யாக்கோபு மரித்தபோது யோசேப்பு எகிப்திய வைத்தியர்களைக் கொண்டு தகப்பனுக்குச் சுகந்தவர்க்கமிட்டான். அதற்கு 40 நாள் ஆயிற்று. எகிப்தியர் 70 நாள் அவனுக்காகத் துக்கங்கொண்டாடினார்கள். ஆதியாகமம் 50-ம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். இஸ்ரவேலின் தகப்பன், எகிப்தின் முறைப்படி, எகிப்தியனுடைய கையினாலே! யோசேப்பும் அப்படியே சுகந்தவர்க்கமிடப்பட்டுப் பெட்டியில் வைக்கப்பட்டான். யோசேப்பு விசுவாசத்தில் பின்வாங்கினான் என்று எவனாவது சொல்லுவானா? தன் எலும்புகளைக் குறித்து அவன் கொடுத்த கட்டளையை எபிரெயர் 11-ம் அதிகாரம் விசுவாசம் என்றே எழுதிவைத்திருக்கிறது. மோசேக்காக 30 நாள் அழுதார்கள். தபீத்தாளைக் குளிப்பாட்டி மேல்வீட்டில் கிடத்தினார்கள். நம்முடைய ஆண்டவருடைய சரீரத்தை யூதருடைய முறைமையின்படி சுகந்தவர்க்கங்களோடு சீலைகளில் சுற்றினார்கள் என்று யோவான் 19-ல் இருக்கிறது. தேவகுமாரன் தாம் பிறந்த ஜனத்தின் முறைக்குத் தம்முடைய சரீரத்தை ஒப்புக்கொடுத்தார்.

சரி பாஸ்டர், எரித்தது எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். 1 சாமுவேல் 31-ம் அதிகாரத்தின் முடிவுக்கு வாருங்கள். சவுலையும் அவன் குமாரரையும் பெலிஸ்தர் பெத்சானின் அலங்கத்திலே தொங்கவிட்டபோது, யாபேசின் பராக்கிரமசாலிகள் இராமுழுதும் நடந்துபோய், சரீரங்களை எடுத்துக்கொண்டுவந்து, யாபேசிலே எரித்து, எலும்புகளை மரத்தடியில் அடக்கம்பண்ணி, 7 நாள் உபவாசித்தார்கள். அந்தக் குமாரரில் ஒருவன் யார்? யோனத்தான்! தாவீதின் ஆத்துமாவோடு ஒன்றாய் இசைந்திருந்தவன். என் நண்பனை ஏன் எரித்தீர்கள் என்று தாவீது அந்த ஜனத்தின்மேல் கோபப்பட்டானா? இல்லை. அந்தத் தயவுக்காக அவர்களை ஆசீர்வதித்துச் சொல்லியனுப்பினான். 2 சாமுவேல் 2-ல் பார்க்கலாம். பின்நாளில் அந்த எலும்புகளைக் கொண்டுவந்து குடும்பக் கல்லறையில் வைத்தான்.

எலும்பைச் சுட்டதற்காகக் கர்த்தர் மோவாபை நியாயந்தீர்த்தாரே, ஆமோஸ் 2-ம் அதிகாரத்தில் இல்லையா என்று வேதம் படிக்கிற ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அங்கே மோவாப் செய்தது அடக்கம் அல்ல. ஏதோம் ராஜாவின்மேல் இருந்த பகையில் அவன் எலும்பை நீறாக்கினான். யாபேஸ் மனுஷர் அன்பினாலே நெருப்பு மூட்டினார்கள், மோவாப் பகையினாலே மூட்டினான். கர்த்தர் நெருப்பைப் பார்க்கவில்லை, இருதயத்தைப் பார்த்தார்.

ஆனாலும் நாம் புதைக்கிறோமே, ஏன்? ஆபிரகாம் முதல் அப்போஸ்தலர் வரைக்கும் தேவஜனத்தின் வழக்கமான முறை அதுவே. விதை மண்ணில் விழுகிறதுபோல என்று பவுல் 1 கொரிந்தியர் 15-ல் விவரிக்கிற உவமையை அடக்கம் கண்ணுக்குக் காட்டுகிறது. தூங்குகிறவனைப் படுக்கவைக்கிறதுபோல மண்ணில் படுக்கவைக்கிறோம். இதை நான் விடமாட்டேன். உங்களையும் விடச் சொல்லமாட்டேன். நம் ஆதித் தமிழரும்கூடப் பெரிய தாழிகளில் வைத்துப் புதைத்தவர்கள்தானே. நமக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூரில் 1876-லிருந்து தோண்டத் தோண்ட அந்தத் தாழிகள் வந்துகொண்டிருக்கின்றன. எரிக்கிறவன் மட்டும்தான் தமிழன், புதைக்கிறவன் அந்நியன் என்று உன்னிடம் யாராவது சொன்னால் இதைச் சொல்லு. ஆனால் அடக்கம் என்பது நம்பிக்கைக்கு அடையாளம். நம்பிக்கைக்குக் காரணம் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக்கினதில்தான் நம் சகோதரிகளுக்குப் பயம் பிடித்தது.

சபைச் சரித்திரத்தில் ஒரு காரியம் இருக்கிறது, கேளுங்கள். கி.பி. 177-ம் ஆண்டு, இன்றைக்குப் பிரான்ஸ் என்று சொல்லுகிற தேசத்தில், லியோன் பட்டணத்தில் விசுவாசிகளைக் கொடூரமாய்க் கொன்றார்கள். கொன்றதோடு விடவில்லை. சரீரங்களை ஆறு நாள் வெளியே போட்டு, பிறகு எரித்து, சாம்பலைக் கூட்டி அள்ளி ரோன் நதியில் எறிந்தார்கள். எதற்கு? இவர்கள் உயிர்த்தெழுதலை நம்பித்தானே சாவுக்குப் பயப்படாமல் நிற்கிறார்கள். சரீரமே இல்லாமற்போனால் எப்படி எழுந்திருப்பார்கள் பார்ப்போம் என்று பரியாசம்பண்ணி அப்படிச் செய்தார்களாம். பழைய சபைச் சரித்திரத்தை எழுதின யூசேபியஸ் இதைப் பதிந்துவைத்திருக்கிறார்.

கவனித்தீர்களா? சாம்பலானால் உயிர்த்தெழுதல் இல்லை என்பது முதலாவது யாருடைய வாயிலிருந்து வந்தது? விசுவாசிகளின் வாயிலிருந்தா? அவர்களைக் கொன்றவர்களின் வாயிலிருந்து! அந்த வார்த்தையை நம் ஜெபக்கூட்டத்தில் நாம் பேசலாமா?

வேதத்தை ஆங்கிலத்தில் கொண்டுவரப் பாடுபட்ட ஜான் விக்ளிப்புக்கும் இப்படியே நடந்தது. அவர் 1384-ல் மரித்து அடக்கம்பண்ணப்பட்டார். 40 வருஷத்துக்கும் மேலே கழித்து, 1428-ல், அவருடைய எலும்பைத் தோண்டியெடுத்துச் சுட்டு, சாம்பலை ஸ்விப்ட் என்ற சிற்றாற்றில் கரைத்தார்கள். விக்ளிப்பு எழுந்திருக்கமாட்டாரா?

நம் மண்ணுக்கு வாருங்கள். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளையை 1752 ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். சரீரத்துக்கு அன்றைக்கு முறையான அடக்கம் இல்லை, காட்டிலே எறிந்துபோட்டார்கள். மிஞ்சியதைப் பிறகு எடுத்துக் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கச் சபை 2022-ல் அவரைப் புனிதராக அறிவித்தது. நாம் புனிதர்களை நோக்கி ஜெபிக்கிறவர்கள் அல்ல. ஆனாலும் இந்த மலையடிவாரத்தில் கிறிஸ்துவுக்காகச் செத்தவனை மறக்கிறவர்களும் அல்ல. காட்டு மிருகத்துக்கு எறியப்பட்ட சரீரத்தைக் கர்த்தர் தேடிக் கண்டுபிடிக்கமாட்டாரோ?

இன்னும் கிட்டே வருகிறேன். 2004 டிசம்பர் 26-ந் தேதி. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. உங்களில் அநேகர் அன்றைக்குப் போய்க் கைகொடுத்தவர்கள், நான் சொல்லவேண்டியதில்லை. பெட்டி எங்கே, வெள்ளை வஸ்திரம் எங்கே, ஆராதனை முறை எங்கே? ஒரே குழியில் தாயும் பிள்ளையும், யாரென்று தெரியாதவர்களும், வரிசையாய் வைக்கப்பட்டார்கள். 2017 நவம்பர் 29-ந் தேதி இரவுக்குப்பின் ஒக்கிப் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை, சரீரமும் வரவில்லை. புதைக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. படத்தை வைத்து அழுதுவிட்டு எழும்பினார்கள். சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கும் என்று வெளிப்படுத்தின விசேஷம் 20-ம் அதிகாரம் சொல்லுகிறதை அந்த ஊர்களில் நின்று வாசித்துப்பாருங்கள். கடல் ஒப்புவிக்குமானால், சுடுகாடு ஒப்புவிக்காதா? ஒன்றுமில்லாத மண்ணிலிருந்து ஆதாமை உருவாக்கினவருக்கு, சாம்பல் ஒரு பிரச்சினையா? புதைத்த சரீரம் மட்டும் அப்படியே இருக்கிறதா என்ன? அதுவும் வருஷம் போகப்போக மண்ணாகத்தானே போகிறது!

ஆகவே சகோதரியே, அந்தத் தாயார் எழுந்திருப்பார்கள். சந்தேகப்படாதே. இயேசு அவர்களை இரத்தத்தால் வாங்கினார். அவர்களுடைய பிள்ளைகள் மூட்டின நெருப்பு அந்தக் கிரயப்பத்திரத்தை எரிக்கவில்லை. அல்லேலூயா!

கத்தோலிக்கச் சபையும் நெடுங்காலம் எரிப்பதைத் தடுத்துவைத்திருந்து, உயிர்த்தெழுதலை மறுக்கும் நோக்கத்தோடு செய்தால் ஒழிய தடையில்லை என்று 1963-ல் சொல்லிற்று. ஆனால் சாம்பலை வீட்டில் வைக்கவோ தூவவோ கூடாது என்று 2016-ல் மறுபடியும் உறுதிப்படுத்திற்று. இதை ஒரு தகவலாகத்தான் சொல்லுகிறேன்.

அப்படியானால் எல்லா முறையும் ஒன்றுதானே, நாம் எதற்கும் உட்படலாமே என்று ஒருவன் நினைத்தால், அவனுக்கும் ஒரு வார்த்தை. துணி, பெட்டி, நெருப்பு, மண், அழுகை, நாள் கணக்கு இதெல்லாம் ஒரு ஜனத்தின் பழக்கம். தங்கள் அன்பைக் காட்டுகிற பாஷை. ஆனால் மரித்தவர் பசியாயிருக்கிறார் என்று படையல் வைக்கிறதும், அவருடைய ஆவி நமக்கு நன்மை தீமை செய்யும் என்று அதை நோக்கிக் கும்பிடுகிறதும் பழக்கம் அல்ல. அது விசுவாசம், வேறொரு விசுவாசம். அங்கே நாம் நிற்கமுடியாது. மரித்தோருக்காகச் சரீரத்தைக் கீறிக்கொள்ள வேண்டாம் என்று லேவியராகமம் 19-ல் இஸ்ரவேலுக்குச் சொன்னவர், அழவே வேண்டாம் என்று சொல்லவில்லையே.

இந்து வீட்டிலிருந்து வந்த ஒரு தம்பி, “பாஸ்டர், எங்க அப்பாவுக்குச் சீரியஸா இருக்கு. மூத்த மகன் நான்தான். கொள்ளி வைக்கச் சொல்லுவாவ. நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும் என்ற பொருளில் ஆண்டவர் சொன்னதை நம் வாலிபர் சிலர் சட்டென்று எடுத்து நீட்டுகிறார்கள். தகப்பன் சாவுக்கே போகாமல் இருந்துவிட்டு, ஆண்டவருக்காக விட்டேன் என்று சாட்சி சொன்ன ஒருவரையும் நான் கேட்டிருக்கிறேன். அது சாட்சியா? அன்றைக்கு அந்த ஊரில் 10 வருஷத்துக்குச் சுவிசேஷத்தின் கதவு சாத்தப்பட்டது. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கற்பனை அவர்கள் மரிக்கும்போது முடிந்துபோகிறதா?

நான் அந்தத் தம்பிக்குச் சொன்னது இது. இன்றைக்கே, அப்பா உயிரோடிருக்கும்போதே, உன் தம்பியையும் சித்தப்பாவையும் உட்காரவைத்துப் பேசு. சாவு வீட்டில் பத்துப்பேர் நடுவில் முறுக்கிக்கொண்டு நிற்காதே. அப்பாவைத் தூக்கு, குளிப்பாட்டு, பாடையைத் தோளில் சும, வருகிறவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் நீ பார்த்துக்கொள், ஆகிற செலவில் உன் பங்குக்கு மேலேயே கொடு. பிண்டம் வைக்கிறதையும் தர்ப்பணத்தையும் மட்டும், “என் மனசு இடங்கொடுக்காது, என்னை மன்னிச்சுக்கிடுங்க சித்தப்பா” என்று தாழ்மையாய்ச் சொல்லு. கொள்ளி விஷயத்தில் அநேக ஊழியர்கள் கூடவே கூடாது என்பார்கள். நான் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. தகப்பனுடைய சிதைக்கு மகன் நெருப்பு வைப்பதில் மட்டும் பாவம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதோடு சொல்லப்படுகிற மந்திரமும் செய்யப்படுகிற பூசையுந்தான் அவனைக் கட்டும். கடைசியில் அந்த வீட்டில் தம்பிக்காரன் கொள்ளி வைத்தான், இவர் பக்கத்தில் நின்றார். சித்தப்பா மூன்று மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறார்.

நம்முடைய முறைகளையும் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போமா? வெள்ளை உடுத்துகிறோம், பூ வைப்பதில்லை, மெழுகுவர்த்தி இல்லை, 40-ம் நாள் இல்லை. நல்லது. ஆனால் போன வருஷம் ஒரு அடக்கத்தில், புருஷனை இழந்த ஒரு வாலிபச் சகோதரியிடம், “அழாத மோளே, அழுதா சாட்சி கெட்டுப்போகும்” என்று நாலுபேர் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு என் ஆவி கலங்கிற்று. யார் சொன்னது? லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்த ஆண்டவரே அவன் கல்லறைக்குப் போகிற வழியில் அழுதாரே! ஸ்தேவானை அடக்கம்பண்ணின பக்தியுள்ள மனுஷர் அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் 8-ல் இருக்கிறதே. அவர்கள் பரிசுத்த ஆவியைப் பெறாதவர்களா? பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினது நம்பிக்கையில்லாதவர்களைப்போல் துக்கிக்கவேண்டாம் என்பதே. துக்கிக்கவே வேண்டாம் என்று அல்ல. யூதர் இன்றைக்கும் ஏழு நாள் வீட்டிலே தரையோடு தரையாய் உட்கார்ந்து துக்கங்காக்கிறார்கள். ஊரார் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். நம் ஆட்கள் அடக்கம் முடிந்த மறுநாளே, “எழும்புங்க, ஊழியத்துக்கு வாங்க” என்கிறார்கள். அந்தச் சகோதரியை நான் அன்றைக்கு, “நீ நல்லா அழு மகளே” என்றேன். அப்போதுதான் அழுதாள்.

2020-லும் 2021-லும் கொரோனாக் காலத்தில் முகத்தைக்கூடப் பார்க்கவிடாமல், பிளாஸ்டிக் உறையில் சுற்றி, எண்ணி 20 பேரோடு அனுப்பிவைத்தோமே. அன்றைக்கு எந்த ஜனத்தின் எந்த முறையும் நிற்கவில்லை. அழமுடியாமல் போன துக்கம் இன்னும் எத்தனை வீட்டில் கட்டிக்கிடக்கிறது!

கடைசியாக, நிலத்தைப் பற்றி. பெந்தெகொஸ்தே ஜனங்களுக்கு இந்த ஜில்லாவில் இது ஆதிமுதலே இருக்கிற நெருக்கம். தாய்ச்சபையை விட்டு வந்தவர்களுக்கு அங்கேயுள்ள கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று சொல்லப்பட்ட ஊர்கள் உண்டு. இந்துக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் இடமில்லை. முன்பெல்லாம் சொந்த விளையில் ஒரு மூலையில் அடக்கினார்கள். இப்போது தென்னை நின்ற விளையெல்லாம் வீடாகிவிட்டது. 1999-ம் ஆண்டின் கிராமப் பஞ்சாயத்து விதிகளின்படி பதிவும் உரிமமும் இல்லாத இடத்தில் அடக்கவும் எரிக்கவும் கூடாது. பக்கத்துக் கேரளத்தில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயச் சபைகளின் வழக்கினால் 2019-ல் கட்டச்சிறையில் ஒரு வயதான தாயாரின் அடக்கம் 38 நாள் தடைப்பட்டது. அதன்பிறகு 2020-ல் அந்த மாநில அரசு கல்லறை உரிமைக்காகவே சட்டம் இயற்றிற்று. சத்தீஸ்கரில் 2025 ஜனவரி 7-ந் தேதி மரித்த ஒரு பாஸ்டரைச் சொந்த கிராமத்தில் அடக்கவிடாமல் தடுத்தார்கள். சரீரம் ஏறக்குறைய மூன்று வாரம் பிணவறையில் கிடந்தது. மகன் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஜனவரி 27-ந் தேதி நீதிபதிகள் இருவரும் இரண்டு விதமாய்த் தீர்ப்புச் சொன்னாலும், சரீரம் இனியும் கிடக்கக்கூடாது என்று 20 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்பண்ண உத்தரவிட்டார்கள். அந்த மகனுடைய வேதனையை நினைத்து ஜெபியுங்கள்.

ஆபிரகாம் கானானில் முதல் முதலாகச் சொந்தமாய் வாங்கின நிலம் எது? வீட்டு மனையா, வயலா? சாராளை அடக்கம்பண்ண ஒரு கல்லறைக் குகை! ஏத்தின் புத்திரர் சும்மா தருகிறோம் என்றபோதும், 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, ஊரார் அறிய உறுதிப்படுத்திக்கொண்டான். நம் சபையும் அப்படி ஊரார் அறிய, முறையான உரிமத்தோடு, ஒரு துண்டு நிலம் வாங்கவேண்டும் என்பதே மூப்பர்களின் தீர்மானம். நாம் வாங்கும் இடத்தில் மற்ற சபையாருக்கும், இடமில்லாத எவருக்கும் குழி மறுக்கப்படக்கூடாது என்றும் எழுதிவைக்கப்போகிறோம்.

அதுவரைக்கும் ஒவ்வொரு விசுவாசியும், முக்கியமாய் இரட்சிக்கப்படாத குடும்பத்தில் இருக்கிறவர்கள், தங்களை எப்படி அடக்கம்பண்ண விரும்புகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டி, அவர்களும் சம்மதித்தால் ஒரு பிரதியைச் சபையில் கொடுத்துவையுங்கள். சம்மதியாவிட்டால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு சாவு வீட்டில் யாரும் சண்டைக்கு நிற்கவேண்டாம். எந்தப் பிள்ளையும் தன் தாயைத் தன் கையால் அனுப்பிவைக்கட்டும், நாம் முற்றத்தில் நின்று ஜெபிப்போம். தாள் எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு வருகிற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆராதனை முடிந்தபின் வாலிப சகோதரிகள் எழுதித் தருவார்கள். கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள்.